செத்துப்போன பஞ்சு

அத்தியாயம் 4

"கையெழுத்துப் போட மாட்டேன். கைய வெட்டிப் போட்டாலும் போட மாட்டேன்!"

ஒரு பெண்ணின் குரல் சந்து முனை வரைக்கும் கேட்டது. ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்னால் இருந்த அந்த அலங்காரக் கடல்மீன் குடோனின் வாசலில் பைக்கை நிறுத்திய தப்ரேஸ், ஹெல்மெட்டைக் கழற்றாமலே பின்னால் திரும்பினான்.

"கரெக்டான அட்ரஸ்தான் மேடம். சண்டை கேக்குது."

பெர்சிஸ் பைக்கிலிருந்து இறங்கினாள். எரிந்த குடோன், முங்கிய படகு, நனைந்த சர்க்கரை மூட்டை என்று பதினெட்டு வருடம் இன்ஷூரன்ஸ் சர்வேயராகச் சுற்றிவிட்டு, இப்போது சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் நடத்துகிறவள் அவள். தப்ரேஸ் அவளுடைய ஒரே உதவியாளன். காசிமேட்டில் பிறந்து காசிமேட்டிலேயே வளர்ந்தவன். அவன் வாயை மூட வைக்க இதுவரை ஒரு வழியும் அகப்படவில்லை.

காலையில் வந்த போனிலேயே பெர்சிஸுக்கு எரிச்சல் கிளம்பிவிட்டது. போனில் பேசியவர் அவளுடைய சொந்த ஊர்க்காரர், குடோன் முதலாளி ஆசீர்வாதம் அண்ணாச்சி. நாற்பது மீன் செத்துவிட்டது, வேலைக்காரி விஷம் ஊற்றிவிட்டாள், வந்து ஒரு ரிப்போர்ட் எழுதிக் கொடு என்றார். சொன்னதோடு விட்டாரா? ரிப்போர்ட்டில் என்னென்ன எழுத வேண்டும் என்பதையும் வாசித்தே காட்டினார். கேஸைப் பார்ப்பதற்கு முன்னாலேயே முடிவை வாசித்துக் காட்டுகிற ஆசாமிகளை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். ஒருவரைக்கூட அவளுக்குப் பிடித்ததில்லை.

உள்ளே நுழைந்ததும் முன்கூடத்தில் ஆளுயரக் கண்ணாடித் தொட்டி ஒன்று நீல விளக்குப் போட்டு ஜொலித்தது. விளிம்பு வரை தண்ணீர். உள்ளே பிளாஸ்டிக் பவளப்பாறை. மீன் ஒன்றுகூட இல்லை.

அதற்குப் பக்கத்து மேஜையில் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. எதிரே கறுப்பு புர்காவில் நின்ற ஐம்பது வயதுப் பெண்தான் ரஹீமுன்னிசா. பதினோரு வருடமாக இங்கே தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிறவள். அவள் முகத்துக்கு நேராக ஒரு காகிதத்தை நீட்டிக்கொண்டிருந்தான் மானேஜர் ஜெனிஷ். குளச்சலிலிருந்து வந்து மூன்று மாதம் ஆகிறது.

பெர்சிஸ் அந்தக் காகிதத்தைப் பிடுங்கிப் படித்தாள். ஆத்திரத்தில் தரை துடைக்கும் மருந்தை மீன் தொட்டியில் ஊற்றிவிட்டேன், மன்னிப்புக் கேட்டு வேலையை விட்டு விலகுகிறேன் என்று அழகாக டைப் அடித்திருந்தது. கீழே கையெழுத்துக்கு இடம் காலியாக இருந்தது.

"போட்டுட்டன்னா போலீசு கிடையாது," என்றார் அண்ணாச்சி. "போடலைன்னா நாலு மணிக்கு எஸ்.ஐ. வாறாரு. அவரு கூட்டிட்டுப் போவாரு. நான் இதுக்கு மேல எறங்கி வர முடியாது தாயி."

"இத்தப் போட்டா நாளைக்கு எந்தக் கம்பெனிக்காரன் என்னிய உள்ள வுடுவான்?" ரஹீமுன்னிசா பெர்சிஸைப் பார்த்து வெடித்தாள். "விஷம் வெச்சவன்னு தெருவுல போற பசங்க சொல்லும்மா. எனக்கு இருக்கிறது ஒரே ஒரு பேரு."

மணி இரண்டே முக்கால்.

"என்ன ஆதாரம்?" என்றாள் பெர்சிஸ்.

ஜெனிஷ் முன்னால் வந்தான். "போன வாரம் லீவு கேட்டா. தரமாட்டேன்னேன். என்னை ஏசிகிட்டு, வாணியம்பாடிக்கு நிக்காஹுன்னு புதன்கிழம கெளம்பிப் போயிட்டா. ஞாயித்துக்கிழம சாயந்திரம் வந்து சாவி வாங்கி, ஒத்தைக்கு உள்ள போனா. இன்னைக்கு காலையில மூணாம் தொட்டியில நாப்பதும் சவம். தண்ணிய எடுத்து டெஸ்ட் பண்ணினா குழாய் கரும்பச்சை. அமோனியா! தரை தொடைக்க மருந்துலயும் அதுதான் கெடக்கு. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?" அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கேட்டா இவ என்ன சொல்லுகா தெரியுமா மேடம்? பஞ்சு செத்துப்போச்சாம்! பஞ்சுக்கு உயிரு உண்டாம்!"

கூடத்தில் நின்ற இரண்டு மூன்று பேர் சேர்ந்து சிரித்தார்கள். அண்ணாச்சி சிரிக்கவில்லை. மேஜைமேல் கோணலாகக் கிடந்த பேனா ஒன்றை எடுத்து நேராக வைத்தார். பெர்சிஸ் அதைப் பார்த்துக்கொண்டாள்.

"வாங்கம்மா. எனக்கு அந்தப் பஞ்சைக் காட்டுங்க," என்றாள் ரஹீமுன்னிசாவிடம்.

பின்கட்டில் இருந்த அறையில் மூன்று தொட்டிகள். வெளியிலிருந்து வருகிற புது மீனை மற்ற மீன்களோடு கலக்கும் முன், நோய் நொடி இருக்கிறதா என்று மூன்று வாரம் தனியாக வைத்துப் பார்க்கிற இடம். முதல் இரண்டு தொட்டிகளில் ஏழெட்டு மீன்கள் மட்டும் நீந்தின. மூன்றாவது காலி. அதன் கீழே ஒரு நீல வாளியில் ஆரஞ்சும் மஞ்சளுமாக நாற்பது மீன்கள் வாயைத் திறந்தபடி கிடந்தன.

"கல்யாண வூட்டு லட்டு பூந்தி மாதிரி கீது மேடம்," என்றான் தப்ரேஸ். பெர்சிஸ் பார்த்த பார்வையில் அடுத்த வார்த்தையை விழுங்கினான்.

ரஹீமுன்னிசா தொட்டியின் பின்புறம் கையை விட்டு, தண்ணீரை வடிகட்டுகிற செங்கல் அளவு நுரைப்பஞ்சு ஒன்றை எடுத்துக் காட்டினாள். பளிச்சென்று வெள்ளையாக இருந்தது.

"இது இன்னா கலர்ல இருக்கணும் தெரியுமா? காப்பி டிகாஷன் மாதிரி இருக்கணும். மீனு உள்ளயே ஒண்ணுக்குப் போவுதில்ல? அதுதான்மா விஷம். அத்தத் துண்ற பூச்சி இந்தப் பஞ்சுல கீது. கண்ணுக்குத் தெரியாது. பெரிய தொட்டிக்கு அடில மாசக்கணக்குல போட்டு ஊற வெச்சி, பூச்சியப் பழக்கி, அப்புறமா எடுத்தாந்து இங்க வெப்பேன். பாக்கக் கலீஜா இருக்கும். அந்தக் கலீஜுதான் மீனுக்கு உசுரு. இப்ப மூந்து பாரு."

பெர்சிஸ் முகர்ந்தாள். முனிசிபாலிட்டி கக்கூஸ் வாசலில் அடிக்கிற அதே வாடை. பிளீச்சிங் பவுடர்.

"அதாவது, விஷத்தை யாரும் ஊத்தல. விஷத்தைச் சாப்பிடுற பூச்சியைக் கொன்னுட்டாங்க. மீன் தன் மூத்திரத்துலயே மூச்சு முட்டிச் செத்திருக்கு."

"அத்தத்தான் காலைலேர்ந்து கத்திகினு கீறேன். சிரிக்கிறானுங்க!"

"ஞாயித்துக்கிழமை நீங்க ஏன் தண்ணி மாத்தல?"

"வந்து பாக்கறேன், மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளக்குது. நல்ல கடல் தண்ணி ரெண்டு பேரலு நெறைய வெச்சிட்டுத்தான் ஊருக்குப் போனேன். ரெண்டு மாசத்துக்கு வெச்சிருந்த தண்ணிம்மா அது. பேரலு கொழாயத் தொறந்தா காத்து வருது. இந்த ஜெனிஷுக்கு நாலு வாட்டி போன் அடிச்சேன். எடுக்கல."

சொல்லிக்கொண்டே அவள் முதல் தொட்டியில் சிறு குழாயை முக்கித் தண்ணீர் எடுத்து, இரண்டு புட்டியிலிருந்து சொட்டு மருந்து விட்டுக் குலுக்கினாள். மஞ்சளாக இருக்க வேண்டியது மெல்லப் பச்சையாக மாறியது. இரண்டாம் தொட்டியிலும் அதே பச்சை.

"இதுங்களுக்கும் பஞ்சக் கழுவிட்டானுங்க. கூட்டம் கம்மி, அதான் இன்னும் உசுரோட கீது. பொழுது சாய்ற வரிக்கும் தாங்கும். இதுங்களப் பாக்க வுடாம என்னியக் கொலகாரின்றானுங்க."

பெர்சிஸுக்கு உச்சந்தலை வரை சூடேறியது. இத்தனை தெளிவாக ஒரு பெண் காரணம் சொல்கிறாள், அதைக் கேட்டுவிட்டு ஒரு கூட்டமே சிரித்திருக்கிறது. புர்கா போட்ட வேலைக்காரிக்கு என்ன தெரியும் என்கிற அந்த நினைப்பை நாலு அறை அறைய வேண்டும் போல இருந்தது.

"தப்ரேஸ், இவங்க ஊர்ல இல்லாத நாள்ல இங்க என்ன நடந்ததுன்னு பாரு."

அவன் ஏற்கெனவே போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான். "கம்பெனிக்கு ஃபேஸ்புக்கு பேஜு கீது மேடம். வியாழக்கிழம புது ஷோ தொட்டி திறப்பு விழா. பெரிய ஓட்டல்லேர்ந்து கெஸ்ட்டு. அண்ணாச்சி பொன்னாடை போத்துறாரு, போத்துறாரு, போத்திகினே கீறாரு. பதினாலு போட்டோ." திடீரென்று விரலால் படத்தைப் பெரிதாக்கினான். "இத்தப் பாருங்க. அண்ணாச்சி தலைக்குப் பின்னால மூணு இட்லி காயுது."

பெர்சிஸ் போனை வாங்கிப் பார்த்தாள். விருந்தாளிகள் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். பின்னால் திறந்திருந்த கதவு வழியாகக் கொல்லைப்புறக் கொடி தெரிந்தது. கொடியில் ஒரு லுங்கி, இரண்டு பனியன், கிளிப் மாட்டி மூன்று வெள்ளைப் பஞ்சு. கொலைக்கான ஆயுதத்தைத் துவைத்துக் காயப்போட்டு, அதன் முன்னால் நின்று சிரித்துப் படமும் எடுத்து, ஊருக்கே காட்டியிருக்கிறார்கள்.

ஜெனிஷிடம் படத்தை நீட்டியபோது அவன் ஒரு நிமிடம்தான் தடுமாறினான்.

"செரி, கழுவினேன். அழுக்கைக் கழுவினது குத்தமா? எனக்கென்ன தெரியும் அதுல பூச்சி கெடக்குன்னு? ஆனா ஒண்ணு கேட்டுக்கிடுங்க மேடம். வெள்ளிக்கிழமையே மூணு தொட்டிக்கும் முழுசா புதுத் தண்ணி மாத்தியாச்சு. பழைய விஷம் ஒரு சொட்டு கெடையாது. காசிமேட்டுல விடியக்காலம் வெளுப்புக்கே நானே நின்னு லாஞ்சில இருந்து எறக்கினேன். கரையில மோந்த தண்ணி இல்ல, இருபது மைலு உள்ள போய் மோந்தது. அப்ப ரெண்டு மூணு நாள்ல நாப்பது மீனு சாகணும்னா வெளிய இருந்து ஒரு கை வரணும்லா?"

தப்ரேஸின் வாய் திறந்தது. பெர்சிஸ் அவன் காலை நன்றாக மிதித்தாள். திறந்த வாய் வலியில் அப்படியே நின்றது.

"லாஞ்சு ஓனர் ஒரு வார்த்தை சொன்னா கேஸ் முடிஞ்சது," என்றாள் சாதுவாக. "பத்து நிமிஷ வேலை. வாங்க, எந்த லாஞ்சுன்னு காட்டுங்க."

மூன்று பேர் ஒரு பைக்கில். துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகளின் இடுக்கில் புகுந்து புகுந்து போனான் தப்ரேஸ். நடுவில் ஜெனிஷ். மே மாத வெயிலில் அவன் முதுகில் வழிந்த வேர்வைக்கு வெயில் மட்டும் காரணமில்லை என்பது பின்னால் உட்கார்ந்திருந்த பெர்சிஸுக்குத் தெரிந்தது.

காசிமேடு துறைமுகத்தில் லாஞ்சு என்கிற விசைப்படகுகள் தோளோடு தோள் உரசி நின்றன. நூற்றுக்கணக்கில். சிலது கரையில் ஏற்றிக் கட்டையில் நிறுத்தப்பட்டிருந்தது. எங்கு பார்த்தாலும் பெயின்ட் வாடை. துருவைச் சுரண்டுகிற சத்தம். வலை பின்னுகிறவர்கள் நிழலுக்குள் உட்கார்ந்து கதையடித்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீரில் அசைந்தது இரண்டு மூன்று சின்ன ஃபைபர் படகு மட்டும்தான்.

"எதுப்பா?" என்றாள் பெர்சிஸ்.

ஜெனிஷ் வரிசை முழுக்கக் கண்ணை ஓட்டினான். பிறகு துணிந்து ஒரு பச்சை லாஞ்சைக் காட்டினான்.

தப்ரேஸால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "மாமு, அதோட இஞ்சினு தோ இங்க தரைல கயட்டி வெச்சிருக்கான் பாரு. இருபது மைலு இன்னா, நீ நீந்திகினே தள்ளிகினு போனியா?"

"மீன்பிடித் தடைக்காலம் ஜெனிஷ்," என்றாள் பெர்சிஸ். "ஏப்ரல் பதினஞ்சுலருந்து ஜூன் பதினாலு வரை இந்தக் கரையில எந்த லாஞ்சும் கடலுக்குப் போகாது. அதுக்காகத்தான் அந்தம்மா முன்னாலேயே ரெண்டு மாசத் தண்ணியைப் பிடிச்சு வெச்சது. இங்க பொறந்த குழந்தைக்கும் தெரியும் இது."

"எங்க ஊருல..." அவன் குரல் தேய்ந்தது. "எங்க ஊருல ஜூன் ஒண்ணுலதான தடை? மே மாசம் வள்ளம், போட்டு எல்லாம் போவும்."

"உங்க ஊரு மேற்குக் கடல். அங்க தடை வேற மாசம். குளச்சல் கடலை மனசுல வெச்சுகிட்டு காசிமேட்டுல பொய் சொல்லிட்ட!" பெர்சிஸின் குரல் உயர்ந்தது. வலை பின்னுகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கவலைப்படவில்லை. "மூணு மாசமா கடல் மீன் வியாபாரத்துக்கு மானேஜர். ஒரு நாள் இந்தத் துறைமுகத்துக்கு வந்து பாத்ததில்ல. பதினோரு வருஷமா தண்ணியோட நாடி பாக்குற ஒருத்தியைக் கொலைகாரின்னு காகிதம் டைப் அடிக்க மட்டும் நேரம் இருந்துச்சு. வெக்கமா இல்ல உனக்கு? நாலு மணிக்கு அவளை ஜீப்ல ஏத்துவாங்க. நீ வேடிக்கை பாப்ப, இல்ல?"

ஜெனிஷ் அப்படியே ஒரு கயிற்றுக் குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டான். கண் கலங்கியிருந்தது. அந்தக் கண்ணீர் பெர்சிஸின் கோபத்தைக் கூட்டத்தான் செய்தது.

"பேரல் தண்ணி எங்க போச்சு?"

"முன்னால இருக்க ஷோ தொட்டிக்கு. பத்தலைன்னு ரெண்டு பேரலையும் ஊத்தியாச்சு. தொட்டிகளுக்குத் தண்ணியே மாத்தல மேடம். ஆனா நானா ஒண்ணும் செய்யல. எனக்க அம்மை சத்தியமா நானா செய்யல." அவன் போனை எடுத்தான். "இதக் கேளுங்க."

வாட்ஸ்அப்பில் இரண்டு குரல் பதிவு. முதலாவது புதன்கிழமை இரவு வந்தது. ஆசீர்வாதம் அண்ணாச்சியின் குரல். "ஏ ஜெனிஷு, அந்தப் பஞ்செல்லாம் கரியா கெடக்கு. விருந்தாளி வாற நேரத்துல அசிங்கமா இருக்கும். அந்தம்மா இருந்தா விடமாட்டா. அவ வாறதுக்குள்ள பிளீச்சிங் போட்டு வெள்ளையா கழுவிப் போடு."

இரண்டாவது இன்று காலை ஆறு மணிக்கு வந்தது. "பஞ்சப் பத்தி யாருட்டயும் மூச்சு விடாத. நம்ம தப்புல செத்துச்சுன்னா ஓட்டல்காரன் நம்மகிட்ட வாங்குவானா? வேலைக்காரி கொன்னுட்டான்னா அய்யோ பாவம்னு சொல்லுவான். அவ தலைல கட்டிரு. பெர்சிஸ் நம்ம ஊருப் பிள்ளதான், சொன்னத எழுதிக் குடுத்துருவா."

தப்ரேஸ் பைக் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டான்.

பெர்சிஸ் அந்தப் போனை வாங்கித் தன் பையில் போட்டாள். ஜெனிஷ் பஞ்சு செத்தது என்று கேட்டுச் சிரித்தானே, பஞ்சுக்குள் உயிர் இருப்பது அவனுக்கு நிஜமாகவே தெரியாது. சிரிக்காத ஒரே ஆளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பதினோரு வருடமாக ரஹீமுன்னிசா வாயால் கேட்டுக் கேட்டு, அந்தப் பஞ்சு என்ன செய்யும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தேதான் கழுவச் சொன்னார். தெரிந்தேதான் காகிதம் டைப் அடிக்கச் சொன்னார். அந்தப் பொய்க்குக் கீழே கையெழுத்துப் போட அவளையும் கூப்பிட்டிருக்கிறார், ஒரே ஊர்க்காரி என்கிற ஒரே தகுதிக்காக. தன் பெயரை அவர் எவ்வளவு மலிவாக எடை போட்டிருக்கிறார் என்று நினைக்க நினைக்க அவளுக்குக் காது மடல் எரிந்தது.

"வண்டியை எடு," என்றாள்.

குடோனுக்குத் திரும்பியபோது மணி நாலடிக்க ஐந்து நிமிடம். சப் இன்ஸ்பெக்டர் செங்குட்டுவன் வந்து உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். ரஹீமுன்னிசா சுவரோரம் நின்றிருந்தாள். யாரும் அவளுக்கு நாற்காலி போடவில்லை.

"வாம்மா, ரிப்போர்ட் ரெடியா?" என்றார் அண்ணாச்சி முகம் மலர.

"ரெடி அண்ணாச்சி. உங்க குரல்லயே ரெடி."

பெர்சிஸ் ஜெனிஷின் போனை மேஜைமேல் வைத்து, சத்தத்தை முழுசாகக் கூட்டிவிட்டாள். இரண்டு பதிவும் ஓடி முடிந்தன. அண்ணாச்சியின் முகத்திலிருந்து மலர்ச்சி இறங்கியது. எஸ்.ஐ. டீ கிளாஸைக் கீழே வைத்தார். சற்று முன் சிரித்த ஆட்கள் தரையைப் பார்த்தார்கள்.

"ஏம்மா, நம்ம ஊருக்காரி நீயே..." என்று ஆரம்பித்தார் அண்ணாச்சி.

"ஊர் பேரைச் சொல்லாதீங்க!" மேஜையில் அவள் அடித்த அடியில் பேனா இரண்டும் உருண்டு விழுந்தன. "நாப்பது மீனைக் கொன்னது உங்க பவுசு. அதை மறைக்க ஒரு மனுஷியைக் கொல்லப் பாத்தீங்க. என் கையால!"

அண்ணாச்சி வியாபாரி. ஒரு கதவு அடைத்தால் மறுகதவைத் தட்டத் தெரிந்தவர். சட்டென்று ரஹீமுன்னிசா பக்கம் திரும்பினார்.

"சரி, விடு. நடந்தது நடந்துபோச்சு. நீ இன்னையிலயிருந்தே வேலையப் பாரு, யாரு வேண்டாங்கா? முதல்ல அந்த ரெண்டு தொட்டியக் காப்பாத்து."

ரஹீமுன்னிசா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு எஸ்.ஐ.யிடம் சொன்னாள். "சார், ஒரு அரை மணி நேரம் குந்துங்க. அதுங்க மூச்சு முட்டிகினு கீது."

புர்காவின் கையை முழங்கை வரை மடித்துக்கொண்டு நேராகக் கூடத்துக்கு வந்து, நீல விளக்குத் தொட்டியின் முன்னால் நின்றாள்.

"ஜெனிஷு, பக்கிட்டு எடு. என் தண்ணி இது. மொண்டு உள்ள கொண்டா." அப்புறம் அண்ணாச்சியைப் பார்த்தாள். "நீயும்தான் மொதலாளி. ஒருத்தன் தூக்கினா பொழுது போயிடும்."

வெள்ளைச் சட்டை நனைய நனைய அண்ணாச்சி வாளி தூக்கினார். ஓட்டல்காரர்களுக்காக விளிம்பு வரை நிரப்பிய தொட்டியில் தண்ணீர் இறங்கிக்கொண்டே வந்தது. பிளாஸ்டிக் பவளப்பாறை வெளியே தலை நீட்டியது. பின்னறையில் ரஹீமுன்னிசா பழைய தண்ணீரை இறைத்து, புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாக, மீன் மிரளாதபடி கையை அணை கொடுத்து ஊற்றினாள். கடைசியாகச் சின்னக் குழாயைக் குலுக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். மஞ்சள். அடுத்ததும் மஞ்சள்.

"தாங்கும். நாளைக்கு மறுபடி மாத்தணும்," என்றாள் தனக்குத்தானே.

கூடத்தில் எஸ்.ஐ. எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டிருந்தார். "அதான் உங்களுக்குள்ள ராசியாயிடுச்சே. மீனும் பொழைச்சாச்சு. நான் கிளம்பறேன்."

"ஆமா சார், சின்ன விஷயம்," என்றார் அண்ணாச்சி மூச்சு வாங்கியபடி.

ரஹீமுன்னிசா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அண்ணாச்சியின் நாற்காலியை இழுத்து எஸ்.ஐ.க்கு எதிரே போட்டு, அதில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"குந்து சார். பேனாவ எடு. பேரு ரஹீமுன்னிசா, வூடு பழைய வண்ணாரப்பேட்டை. கம்ப்ளெய்ன்ட் குடுக்கறது நானு."